பிள்ளைகளைக் கேட்டு அமைத்த திடல்



தையற்காரரிடம் சட்டைத் துணியைக் கொடுக்கிறோம். அவர் உடனே கத்தரிக்கோலை எடுப்பதில்லை. நாடாவை எடுத்துத் தோள், மார்பு, கை என்று அளவு பார்க்கிறார். அளவு பார்க்காமல் தைத்த சட்டைக்கு நாம் கூலி கொடுக்கமாட்டோம்.

ஆனால், பிள்ளைகள் விளையாடும் திடலை நாம் எப்படி அமைத்து வந்திருக்கிறோம்? பெரியவர்கள் கூடுவார்கள். ஓர் இடத்தைக் காட்டுவார்கள். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், சுற்றிலும் கம்பி வேலி என்று முடிவாகும். திறப்பு விழாவும் நடக்கும். சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால், ஊஞ்சல் சங்கிலி துருப்பிடித்துத் தொங்கும். பிள்ளைகளோ வாய்க்கால் ஓரத்தில் களிமண்ணைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். நாமும், "நல்லதைச் செய்து கொடுத்தாலும் அனுபவிக்கத் தெரியாத பிள்ளைகள்" என்று குறைப்பட்டுக்கொள்வோம்.

குறை யாரிடம் இருக்கிறது? அளவு பார்க்காமல் தைத்தவரிடமா, சட்டை பொருந்தாமல் நிற்கும் பிள்ளையிடமா? இந்தக் கேள்வியைச் சென்ற நூற்றாண்டில் சிலர் எழுப்பினார்கள். பிள்ளைகளிடமே கேட்டு, பிள்ளைகளின் கையாலேயே திடல்களையும் பூங்காக்களையும் உருவாக்கினார்கள். அந்த வரலாற்றை இன்று நாம் பார்ப்போம்.

முதலில் டென்மார்க் நாட்டுக்குப் போவோம். ஐரோப்பாவின் வடக்கே உள்ள சிறிய நாடு அது. அங்கே கார்ல் தியோடர் சோரன்சன் என்று ஒருவர் இருந்தார். 1893இல் பிறந்தவர். பூங்காக்களையும் குடியிருப்பு வெளிகளையும் வடிவமைப்பது அவர் தொழில். பிள்ளைகளுக்காகப் பல அழகான திடல்களை அவர் அமைத்தார். ஆனால், ஒன்றை அவர் கண்ணாரக் கண்டார். அவர் அமைத்த திடலைவிட, பாதி கட்டப்பட்டுக் கிடக்கும் வீடுகளும் பழஞ்சாமான் குவிந்த மூலைகளும்தான் பிள்ளைகளை அதிகம் இழுத்தன. பலகைத் துண்டு, செங்கல், கயிறு, உடைந்த சக்கரம் இவற்றை வைத்துக்கொண்டு அவர்கள் நேரம் போவதே தெரியாமல் விளையாடினார்கள்.

வேறொருவராக இருந்தால், பிள்ளைகளை விரட்டிவிட்டு அந்த இடங்களுக்கு வேலி போடச் சொல்லியிருப்பார். சோரன்சன் தம் வேலையைத் திருத்திக்கொள்ள முன்வந்தார். 1931இல் எழுதிய நூல் ஒன்றில், தட்டுமுட்டுச் சாமான்களையே கொடுத்துப் பிள்ளைகளைக் கட்டி விளையாடவிடும் திடல் ஒன்றை அமைத்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார்.

அந்த யோசனை பலிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவும் போர்க்காலத்தில்தான் பலித்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. அந்த ஆக்கிரமிப்பின் நடுவிலேயே, 1943இல், தலைநகர் கோப்பன்ஹேகனின் புறத்தே எம்ட்ரப் என்னும் இடத்தில், ஒரு குடியிருப்பை ஒட்டி அந்தத் திடல் திறக்கப்பட்டது. உலகின் முதல் தட்டுமுட்டுத் திடல் அதுதான்.

அங்கே ஊஞ்சல் இல்லை, சறுக்குமரமும் இல்லை. சுற்றிலும் உயர்ந்த மண்கரை. நடுவில் வெறும் நிலம். பலகை, செங்கல், மண்வெட்டி, சுத்தியல், ஆணி. அவ்வளவுதான். பிள்ளைகள் குழி தோண்டினார்கள், குடிசை கட்டினார்கள், பிடிக்காவிட்டால் இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ள ஜான் பெர்ட்டெல்சன் என்பவர் நியமிக்கப்பட்டார். "இதைச் செய், அதைச் செய்" என்று அவர் ஏவவில்லை. என்ன செய்வது என்னும் எண்ணம் பிள்ளைகளிடமிருந்தே பிறக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கேட்டபோது கருவியை எடுத்துக் கொடுத்தார்; ஆபத்து வரும்போது குறுக்கே வந்தார்.

பார்வைக்கு அந்தத் திடல் அழகாக இருந்திருக்காது. தாம் உருவாக்கியவற்றிலேயே மிக அவலட்சணமானது இதுதான் என்றும், ஆனாலும் தமக்கு எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தோன்றுவது இதுதான் என்றும் சோரன்சனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தம் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க அந்தக் கலைஞருக்கு மனம் வந்தது. பிள்ளைகளுக்குக் காது கொடுக்க நினைக்கிற பெரியவர் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது அதைத்தான்.

போர் முடிந்து 1946இல், மார்ஜரி ஆலன் என்னும் ஆங்கிலேயச் சீமாட்டி எம்ட்ரப்புக்கு வந்தார். அவரும் பூங்காக்களை வடிவமைப்பவர். அங்கே கண்ட காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. அப்போது லண்டன் மாநகரில், 1940ஆம் ஆண்டிலும் 1941ஆம் ஆண்டிலும் விழுந்த குண்டுகளால் இடிந்த மனைகள் ஏராளமாகக் கிடந்தன. பிள்ளைகள் அந்த இடிபாடுகளுக்குள் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "அந்த மனைகளையே ஏன் இப்படிப்பட்ட திடல்களாக ஆக்கக்கூடாது?" என்று கேட்டு, அதே ஆண்டில் அவர் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். 1948இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் முதல் திடல் தொடங்கியது. பிற்பாடு இவற்றுக்குத் துணிகர விளையாட்டுத் திடல்கள் என்று பெயர் வந்தது.

எல்லாம் சுலபமாக நடந்துவிட்டதா? இல்லை. குப்பைமேடு போல இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. சிறு காயத்துக்குப் பயந்து பிள்ளையின் துணிவை முடக்குவது அதைவிடப் பெரிய கேடு என்று ஆலன் சீமாட்டி வாதாடினார். அதற்காகப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் எப்போதும் அங்கே இருக்கவேண்டும் என்பதும் அந்தத் திடல்களின் விதிதான்.

லேம்பெத் என்னும் பகுதியில் 1955இல் தொடங்கிய லாலார்ட் திடலின் கதை நம் மனத்தைத் தொடும். அங்கே பெரிய பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, அக்கம்பக்கத்தில் இருந்த முதியவர்களின் வீடுகளுக்குச் சாயம் பூசிக் கொடுத்தார்கள். பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் பொறுப்போடு நடப்பார்கள் என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால், 1960இல் அந்தத் திடல் மூடப்பட்டது. நிலம் கட்டடத்துக்குத் தேவைப்பட்டது. இரவல் நிலத்தில் பிள்ளைகள் கட்டியது அவர்களுக்கு நிலைக்கவில்லை. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைக் கேட்காமல் திடலைப் பற்றிப் பேச முடியாது என்பதை இங்கே நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இதுவரை நாம் பார்த்தவை, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து விளையாடிய இடங்கள். பள்ளிக்கூடமே தன் மாணவர்களைக் கேட்டுத் திடலை மாற்றிய கதை ஒன்றும் உண்டு. அது நடந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி என்னும் நகரத்தில்.

அந்நகரில் வாஷிங்டன் தொடக்கப்பள்ளி என்று ஒரு பள்ளி. அதன் திடல் ஒன்றரை ஏக்கர். நம் பந்துத் திடலைவிடச் சற்றுச் சிறியது. அந்த ஒன்றரை ஏக்கரும் கறுப்புத் தார் போட்ட தரை. வெயிலில் கொதிக்கும்; விழுந்தால் முட்டி தேயும். 1971ஆம் ஆண்டுவாக்கில் அதை மாற்றும் வேலை தொடங்கியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபின் மூர் என்பவரும், பள்ளியின் தலைமையாசிரியர் ஹெர்பர்ட் வாங் என்பவரும் இதில் முன்னின்றார்கள்.

அவர்கள் வரைபடத்தோடு வரவில்லை, கேள்வியோடு வந்தார்கள். மாணவர்களைக் கேட்டார்கள், ஆசிரியர்களைக் கேட்டார்கள், பெற்றோரையும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களையும் கேட்டார்கள். பிறகு எல்லாரும் கூடி வேலையில் இறங்கினார்கள். சுமார் அரை ஏக்கர் பரப்பில் தார் பெயர்த்தெடுக்கப்பட்டது. அடியில் இருந்த மண் வெளிச்சத்தைப் பார்த்தது. மரக்கன்றுகள் நட்டார்கள், புல்வெளி வந்தது, குளங்களும் நீரோடையும் வந்தன. நீர் வந்ததும் பூச்சிகளும் பறவைகளும் தாமாகவே வந்து சேர்ந்தன.

எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. இந்த ஆண்டு நட்ட மரத்தின் கீழே அடுத்த ஆண்டு மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஆசிரியர்கள் பாடத்தையும் வெளியே கொண்டுவந்தார்கள். குளத்தை அளந்தால் அது கணக்கு; குளத்துப் பூச்சியைப் பார்த்தால் அது அறிவியல்; பார்த்ததை எழுதினால் அது கட்டுரை. பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாளிலும் அந்தத் திடல் ஊராருக்குப் பூங்காவாகப் பயன்பட்டது. பல ஆண்டுகள் அதைக் கூர்ந்து கவனித்த மூரும் வாங்கும் 1997இல் அந்த அனுபவத்தை ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

பிள்ளைகளைக் கேட்பது எப்படி என்பதையும் மூர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்துக் கேட்டால், அது முழிக்கும், இல்லாவிட்டால், ஏற்கெனவே எங்கோ பார்த்த ஊஞ்சலைச் சொல்லும். ஆகவே, அவர் பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னார். அவர்கள் வழிகாட்ட, பின்னாலேயே நடந்து போனார். எங்கே ஒளிகிறார்கள், எங்கே கூடுகிறார்கள், எதைக் கண்டால் பயப்படுகிறார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டார். இங்கிலாந்தில் இவ்வாறு பிள்ளைகளோடு நடந்து கண்டவற்றை 1986இல் நூலாக எழுதினார். வழிகாட்டி பிள்ளை, மாணவர் பெரியவர் என்று முறை மாறி நின்றது.

இனி நம் ஆசியாவுக்கு வருவோம். ஆலன் சீமாட்டி 1968இல் எழுதிய நூல் ஒன்று ஜப்பானியத் தம்பதியர் இருவரின் கைக்குக் கிடைத்தது. கணவர் ஓமுரா கெனிச்சி, மனைவி ஓமுரா ஷோகோ. அவர்கள் 1970களில் அதை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார்கள். மொழிபெயர்த்ததோடு நின்றார்களா? இல்லை. தோக்கியோ மாநகரின் செத்தகாயா வட்டாரத்தில், தாங்கள் குடியிருந்த பகுதியிலேயே, அக்கம்பக்கத்துப் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, கோடை விடுமுறையில் ஒரு காலி நிலத்தைத் திடலாக்கிப் பார்த்தார்கள். பிறகு, 1979இல், அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டை ஒட்டி, வட்டார அலுவலகம் ஹனெகி பூங்காவில் இடம் கொடுத்தது. அங்கே பிள்ளைகள் மண்ணைத் தோண்டலாம்; மரத்தில் ஏறலாம்; சுத்தியல் பிடிக்கலாம்; அடுப்பு மூட்டலாம். பெரியவர்கள் அருகில் இருப்பார்கள். தன் பொறுப்பில் தாராளமாக விளையாடலாம் என்பதே அந்தத் திடலின் கொள்கை. நிலம் வட்டார அலுவலகத்துடையது. நடத்துவதோ அங்கே குடியிருக்கும் மக்கள். லாலார்டில் இருந்த குறை ஹனெகியில் இவ்வாறு ஓரளவு நீங்கிற்று.

நேயர்களே, கேட்பது என்று சொல்லிக்கொண்டே கேளாமல் விடுவதும் உண்டு. அதையும் நாம் பேசத்தான் வேண்டும்.

1989 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம், அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்று 31ஆம் பிரிவு கூறுகிறது. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளும் 1995இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தன.

சட்டம் வந்ததும் எங்கு பார்த்தாலும், "பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டோம்" என்ற பேச்சு எழுந்தது. இதைச் சீர்தூக்கிப் பார்க்க ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர், 1992இல், எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியைப் படமாகப் போட்டுக் காட்டினார். ஏணியின் கீழ் மூன்று படிகளும் போலிப் படிகள். பெரியவர்கள் தங்கள் எண்ணத்தைப் பிள்ளைகளின் வாயில் திணிப்பது முதற்படி. பிள்ளைகளை அலங்காரத்துக்கு நிறுத்துவது இரண்டாம் படி. பேருக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்தப் பேச்சைக் காற்றில் விடுவது மூன்றாம் படி. இந்த மூன்றையும் தாண்டிய பிறகுதான் உண்மையான பங்கு தொடங்குகிறது என்றார் அவர்.

நாமே நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். மாணவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பூங்கொத்துக் கொடுக்க வைப்பதை, பிள்ளைகளின் பங்கு என்று நாமும் எண்ணியதில்லையா? அது இரண்டாம் படி. படம் வரையச் சொல்லிப் பரிசும் கொடுத்துவிட்டு, வரைந்த படங்களை அலமாரியில் வைத்துப் பூட்டியதில்லையா? அது மூன்றாம் படி. கேளாமல் இருப்பதைவிடக் கேட்டுவிட்டு மறப்பது மோசம். ஏனென்றால், நம் பேச்சு அம்பலம் ஏறாது என்ற பாடத்தைப் பிள்ளை அன்றே படித்துவிடுகிறது. அந்தப் பாடம் எளிதில் மறக்காது.

இந்தப் பாடத்தைப் பற்றி நமக்குத் தெரியாதது எதுவுமில்லை. லயத்தில் வீடு எப்படி இருக்கவேண்டும், தண்ணீர்க் குழாய் எங்கே வரவேண்டும், ஆயாக்கொட்டகை எங்கே இருக்கவேண்டும் என்று நம் தாத்தா பாட்டிமாரை யார் கேட்டார்கள்? மேலிடம் தீர்மானித்தது, அவர்கள் குடியிருந்தார்கள். கேட்கப்படாதவர்களின் மனம் எப்படி இருக்கும் என்பது நம் குடும்பங்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த ஒன்று. அப்படியிருக்க, நம் பிள்ளைகளிடம் நாமும் மேலிடம் போல நடந்துகொள்ளலாமா?

சரி, நம் பள்ளியின் பக்கத்திலோ குடியிருப்பிலோ ஒரு திடல் பாழாய்க் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே பார்த்த வரலாறு நமக்கு என்ன வழி காட்டுகிறது?

முதலாவதாக, நிலத்தைப் பற்றித் தெளிவு வேண்டும். அது யாருடையது, எத்தனை ஆண்டுக்கு நம்மிடம் இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். லாலார்ட் சொல்லும் பாடம் இது.

இரண்டாவதாக, ஒரு வாரம் சும்மா நின்று பார்க்கவேண்டும். பிள்ளைகள் எந்த மரத்தடியில் கூடுகிறார்கள், பெண்பிள்ளைகள் எந்தப் பக்கம் போகாமல் ஒதுங்குகிறார்கள், சின்னப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகள் எங்கே தள்ளிவிடுகிறார்கள் என்பதையெல்லாம் குறித்து வைக்கவேண்டும். சோரன்சன் செய்தது இதைத்தான்.

மூன்றாவதாக, மாணவர்களைக் கொண்டே திடலை அளக்கச் சொல்லலாம். தாளில் வரையச் சொல்லலாம். அட்டைப் பெட்டி, தீப்பெட்டி, குச்சி ஆகியவற்றைக் கொண்டு சிறு மாதிரி ஒன்றைச் செய்யச் சொல்லலாம். பேசத் தயங்கும் பிள்ளையும் கையால் பேசிவிடும்.

நான்காவதாக, முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லவேண்டும். நீச்சல் குளம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கலாம். கையில் உள்ள பணம் இவ்வளவு, அதற்கு ஆகும் செலவு இவ்வளவு என்று கணக்கைக் காட்டினால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஒளித்தால்தான் மனம் கசக்கும்.

ஐந்தாவதாக, அவர்கள் கேட்டவற்றில் ஒன்றையேனும் உடனே செய்து முடிக்கவேண்டும். ஒரு நிழல் மரமாக இருக்கட்டும், ஒரு மணற்குழியாக இருக்கட்டும். கன்று நடுவதிலும் மண் சுமப்பதிலும் பிள்ளைகளின் கையும் இருக்கவேண்டும். தான் நட்ட கன்றைப் பிள்ளை ஒடிக்காது. ஒடிக்க வருகிறவனையும் சும்மா விடாது.

இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். எம்ட்ரப் பிள்ளைகளிடம் பலகையும் ஆணியும்தான் இருந்தன. நாம் மட்டும் பொம்மைக் கடையிலா வளர்ந்தோம்? ரப்பர் கொட்டையைப் பொறுக்கிப் பந்தயம் கட்டினோம். பாக்குமட்டையில் ஒருவரை உட்காரவைத்துச் செம்மண் சடக்கில் இழுத்துக்கொண்டு ஓடினோம். கித்தா மரத்து நிழலில் கிட்டிப்புள் அடித்தோம். எதைக் கொண்டும் விளையாடும் அந்தத் திறமையை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. டென்மார்க்கில் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து கண்ட உண்மை நம் லயத்து வாசலிலும் இருந்தது. அதற்கு ஒரு பேர் வைக்கத்தான் நமக்குத் தோன்றவில்லை.

இன்று நம்மில் பலர் தோட்டத்தைவிட்டு வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டோம். அங்கே கித்தாக் காடு இல்லை. செம்மண் சடக்கும் இல்லை. பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது அந்தச் சிறு திடல் ஒன்றுதான். ஆகவே, அது அவர்களுக்குப் பொருந்தும்படி இருக்கவேண்டியது முன்னைவிட இப்போது அவசியம்.

இன்று மாலை பிள்ளை விளையாடப் புறப்படும்போது, "சீக்கிரம் வந்துவிடு" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், இன்னொன்றையும் கேட்டுப் பார்ப்போம். "அந்தத் திடலில் உனக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேட்போம். பதில் வரும்வரை பொறுமையாக இருப்போம். வந்த பதிலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நாமே எடுத்துச் செல்வோம். தையற்காரர் நாடாவை எடுத்துவிட்டார் என்று அதற்குப் பொருள்.